செம்பனையில் தேன் இல்லை

பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல: ஆண்டுத் தொடக்கத்தில் மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும்போது தேனீக்கள் வந்து மொய்க்கும். பால்மரத் தேன் பூவிலிருந்து வருவதல்ல. மூன்று இலைகள் கூடும் காம்பு நுனியில் பொடிப்பொடியாய்ச் சுரப்பிகள் உண்டு. இளந்துளிரில் அங்கே தேன்துளி கண்ணாடி மணிபோல் நிற்கும். கன்னியாகுமரியின் மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி இப்படிக் கிடைப்பதுதான்.

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பலவும் இன்று செம்பனைக் காடு. செம்பனைப் பூவில் மகரந்தம் உண்டு, தேன் கிடையாது. மகரந்தச் சேர்க்கைக்கும் அது தேனீயை நம்பியில்லை. 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட கூன்வண்டு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. தேனீ போனால் தோட்டக் கணக்கில் ஒரு வெள்ளிகூடக் குறையாது. அப்புறம் யார் கவலைப்படுவார்கள்?

காட்டுத் தேனீக்குக் காப்பிடம் என்றதும் நம் கண் கிரிக்குக்கு அப்பால், தாய்லாந்து எல்லையோர ராயல் பெலும் பக்கம் போகிறது. 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் ஏறிய 117,500 ஹெக்டர் காடு. மலைத்தேனீ விரும்பும் துவாலாங் மரம் அங்கே உண்டு. அடியிலிருந்து கிளையே இல்லாமல் நெட்டுக்குத்தாக எழும்பும். வழுவழுப்பான பட்டையில் கரடிக்கே பிடி கிடைக்காது. பெரிய மரமென்றால் ஒன்றிலேயே நூறு கூடுகூடத் தொங்கும்.

ஆனால் மலைத்தேனீ ஓரிடத்தில் தரிக்கிற ஜாதியில்லை. பூ முடிந்தால் கூட்டமாகக் கிளம்பிவிடும். நிலவொளியிலும் இரை தேடும். மாலையில் விரியும் டுரியான் பூவுக்கு வௌவாலோடு இதுவும் போகும். பூங்காவின் எல்லைக்கல் அதற்கு எம்மாத்திரம்?

கெலுலுட் எனும் கொசுத்தேனீயின் பாடு வேறு. கொட்டாது, புளிப்புத் தேன், நல்ல விலை. மரப்பொந்தில், பிசினால் குழல்போல வாசல் கட்டிக் குடியிருக்கும். கூட்டைப் பிரித்துப் பெருக்கத் தெரிந்தவர் காட்டுக்குப் போவதில்லை. தெரியாதவர் கூடிருக்கும் மரத்தையே அறுத்து, துண்டத்தின் மேல் பெட்டி பொருத்திவிடுகிறார். இன்னொரு பொந்து உண்டாக அந்தக் காட்டுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். தேன் எடுக்க மரமேறுகிறவரைவிட இந்த ரம்பத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

வழி தோட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் இருக்கிறது. செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவின் எதிரிப் பூச்சிகளுக்குத் தீனியாகச் சாலையோரங்களில் துர்னேரா செடியும் கொடிரோஜாவும் நடுகிறார்கள். தேனீயும் அவற்றை விடுவதில்லை. அந்த வரிசையைக் காட்டோரம்வரை நீட்டலாம். மறுநடவின்போது ஆற்றங்கரையைச் செம்பனைக்குக் கொடுக்காமல் காட்டுமரத்துக்கு விடலாம். துர்னேரா பூ திறந்திருக்கும் காலை வேளையில் மருந்தடிக்காமலாவது இருக்கலாம்.