மெலிந்த எலிகளின் மறுபாதிக் கதை

1960-ல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. தீனியில் சேர்த்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சை சுரக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். அத்தகைய புண்ணாக்கைத் தின்ற எலிகளுக்குக் கல்லீரலில் புற்றுநோயே வந்தது.

நிலக்கடலை ஏழைவீட்டுப் புரதம் என்பதால், குன்னூரில் தொடங்கி ஹைதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இதைக் கையில் எடுத்தது. அங்கே பணியாற்றிய, சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் டி.வி. மாதவனும் 1968-ல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. எல்லா எலிகளுக்கும் அஃப்ளாடாக்சின் கொடுத்தார்கள். ஒரு பிரிவின் உணவில் பால்புரதமான கேசீன் 20 சதவீதம். மற்றதில் 5 சதவீதம். நன்றாகத் தின்று வளர்ந்த எலிகள் பலவற்றுக்குக் கல்லீரல் கட்டி கண்டது. எடை கூடாமல் மெலிந்து கிடந்தவற்றில் ஒன்றுக்குக்கூடக் கட்டி இல்லை.

புரதமே புற்றுநோய்க்கு வித்து என்று வாதிடுவோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு, அநியாயமும்கூட. மெலிந்த எலிகளில் பல, கட்டி வரும் வயதை எட்டவே இல்லை. நஞ்சு கல்லீரலைச் சிதைத்ததில் முன்பே செத்துவிட்டன. அஃப்ளாடாக்சினைப் புற்றை உண்டாக்கும் வடிவத்துக்கு மாற்றுவது கல்லீரலின் நொதிகள். புரதம் குறைந்தால் அவை மந்தமாகும். வளராத உடலில் செல்கள் பெருகுவதும் குறையும். கட்டி வராததற்கு அதுவே காரணமாகலாம். ஆனால் சேதமான கல்லீரல் தன்னைச் சரிசெய்துகொள்ளவும் புரதம் வேண்டுமே! விலங்குச் சோதனையில் கட்டிகளை மட்டும் எண்ணினால் போதாது. எத்தனை எலி பிழைத்தது, ஒவ்வொன்றும் என்ன எடை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த நஞ்சு மனிதரையும் விடவில்லை. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்றவர்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது, வயிறு வீங்கியது. 106 பேர் இறந்தார்கள். வேறு தானியம் வாங்க வழியில்லாத குடும்பங்கள் அவை.

வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. கடலைக்காய் நன்றாகக் காய்ந்த பிறகே மூட்டை கட்டுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பூத்தது எதுவானாலும் பொறுக்கி எறியுங்கள். அதைச் செக்குக்கும் அனுப்பாதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள். மாடு தின்றால் நஞ்சு பாலில் வரும்.