இறால் குட்டையில் இறங்கும் சைபீரியப் பறவைகள்

சிங்கப்பூரின் வடமேற்கு ஓரத்தில், ஜோகூர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். மெரினா பேயையும் முஸ்தபா சென்டரையும் பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு வகையில் அதுவும் நல்லதுதான்.

உள்ளே போனதும் மூக்கில் ஏறுவது அழுகிய முட்டை வாடை. சாக்கடை கலந்துவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டாம். சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் அநேகமாகக் கிடையாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி, ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. நல்ல ஆரோக்கியமான சதுப்புநிலமும் இப்படித்தான் மணக்கும்.

மூச்சு முட்டும் இந்தச் சேற்றில் மரம் எப்படிப் பிழைக்கிறது? மரப்பலகை நடைபாதையில் நின்று குனிந்து பாருங்கள். சில வகைக் கண்டல் மரங்களைச் சுற்றி, விரல் தடிமனில் நூற்றுக்கணக்கான குச்சிகள் சேற்றைக் குத்திக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். அவைதான் மூச்சு வேர்கள். அவற்றின் பட்டையில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. காற்று அவற்றின் வழியே போகும், தண்ணீர் போகாது. கடல் ஏறி வேர்கள் மூழ்கியதும், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. வெளிப்படும் கரியமில வாயு நீரில் கரைந்துவிட, வேருக்குள் காற்றழுத்தம் இறங்குகிறது. கடல் வற்றி வேர்நுனி தலைகாட்டியதும் வெளிக்காற்று சட்டென்று உள்ளே இழுபடுகிறது. ஏறி இறங்கும் கடலே மரத்துக்குத் துருத்தி. இந்த வேர்கள் மிதிபட்டால் ஒடியும், சேறும் இறுகிப்போகும். நடைபாதை நம் செருப்பை மட்டும் காப்பாற்றவில்லை.

நம்மவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு: சிதம்பரத்தின் தலமரமான தில்லை இங்கேயும் வளர்கிறது. பிச்சாவரத்தில் இருப்பதும் அதே இனம்தான். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையை ஒடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

வேர்களுக்கு நடுவே உளுவை இனத்து மீன்கள் துடுப்பை ஊன்றித் தாவிக்கொண்டிருக்கும். ஒரு சாணுக்கு மேல் வளரும் பெரிய வகையும் உண்டு. உச்சந்தலையில் துருத்திய கண்கள், கரையில் இருக்கும்போது ஈரத்தோல் வழியாகவும் சுவாசம். இவற்றின் வளைக்குள் தேங்கும் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதற்கு மீன் செய்யும் ஏற்பாடு அபாரமானது: மேலே வந்து வாய் நிறையக் காற்றை மொண்டு, உள்ளே கொண்டுபோய் விட்டு, திரும்பவும் மேலே வரும். முட்டைகள் தப்புவது இந்தச் சேமிப்புக் காற்றால்தான்.

இவ்வளவு இருந்தும் இதைக் கைபடாத காடு என்று சொல்ல முடியாது. ஒருகாலத்தில் இங்கே இருந்தவை இறால் குட்டைகள். 1986-இல் பறவை ஆர்வலர்கள் சிலர் இங்கு வலசைப் பறவைகள் குவிவதைக் கண்டு, இடத்தைக் காக்கும்படி அரசிடம் கேட்டார்கள். 1989-இல் 87 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டு, 1993 டிசம்பர் 6 அன்று திறக்கப்பட்டது. 2002-இல் 130 ஹெக்டேராக விரிந்து சட்டப் பாதுகாப்பும் பெற்றது.

எனக்கு இங்கே மிகவும் பிடித்தது அந்தப் பழைய இறால் குட்டைகளின் மதகு. கடல் ஏறும்போது நீரிணைக் கரையின் சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடும். பவளக்கால் உள்ளானுக்கும் பச்சைக்கால் உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் கால் ஊன்ற இடமிருக்காது. அந்த நேரத்தில் இங்கே மதகின் மூலம் குட்டை நீரைக் குறைத்து வைத்திருப்பார்கள். பறவைகள் கூட்டமாக வந்து ஒதுங்கும். இறாலுக்காக வந்த தொழில்நுட்பம், சைபீரியாவிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு உதவுகிறது! செப்டம்பரிலிருந்து மார்ச் வரை இவர்கள் வருகை. சிலர் ஆஸ்திரேலியா வரை போகிறவர்கள். வழியில் எரித்த கொழுப்பை இங்கேதான் தின்று, ஓய்ந்து, மீட்க வேண்டும். நம் சத்தத்தில் ஒரு கூட்டம் மிரண்டு கிளம்பினால், அந்தச் சேமிப்பில்தான் கைவைக்கிறோம்.

நுழைவுக் கட்டணம் இல்லை. காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். கிளம்புமுன் கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றத்தில் போனால் வேர்களும் உளுவைகளும், ஏற்றத்தில் போனால் பறவைகளும் நன்றாகத் தெரியும். இங்கே உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகையை நம்புங்கள், பாதையைவிட்டு இறங்காதீர்கள்.