மைதானமும் மேடையும்

ஒரு பாடசாலையின் பெருமையை அளந்தறியப் பரீட்சைப் பெறுபேறு ஒன்றே போதும் என்று பலரும் எண்ணுங் காலம் இது. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களிலும் அதிசிறப்புச் சித்தி பெற்றோர் எத்தனை பேர், பல்கலைக்கழகம் புகுந்தோர் எத்தனை பேர் என்றே பெற்றோர் கேட்கின்றனர். அக்கேள்வி பிழையென நாம் கூறமாட்டோம். எனினும், கல்லூரி வாழ்க்கை முடிந்து இருபது ஆண்டுகள் சென்றபின் ஒருவரது நெஞ்சில் பசுமையாய் நிற்பது எது என்று கேட்டுப் பாருங்கள். தாம் ஓடிய ஓட்டத்தையும், ஏறிய மேடையையும், கூடித் திரிந்த தோழரையுமே பெரும்பாலோர் முதலிற் கூறுவர்.

இவ்வுண்மையை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்றதோர் இடம் இரத்மலானை. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் தெஹிவளையையும் கல்கிசையையும் கடந்து இவ்வூரை அடைவர். 1938ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட விமான நிலையமும், புகையிரத வேலைத்தலமும், தொழிற்சாலைகளும் இதற்குப் பெயர் தேடித் தந்தன. தமிழ் மக்களுக்கோ இவ்வூரின் பெயரைக் கேட்டதும் கொழும்பு இந்துக் கல்லூரியே நினைவுக்கு வரும்.

1945ஆம் ஆண்டு இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உத்தியோகத்தின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் தலைநகரிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சைவச் சூழலில் தாய்மொழிக் கல்வி அளிக்கும் நோக்குடன் இந்து வித்தியா விருத்திச் சங்கத்தார் முயன்றனர். 1951இல் பம்பலப்பிட்டியிற் பிள்ளையார் பாடசாலை தோன்றியது. அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே இரத்மலானையிலும் கல்லூரி எழுந்தது.

1983 யூலைக் கலவரத்தின்போது இக்கல்லூரி அகதி முகாமாயிற்று. மாணவர் ஓடியாடிய நிலத்தில், வீடிழந்த குடும்பங்கள் தஞ்சம் புகுந்தன. இங்கிருந்து பலர் கப்பலேறி வடக்கே சென்றனர். அத்துயரையும் தாங்கிக் கல்லூரி மீண்டும் உயிர்பெற்றது. பின்னர், போரினாற் பாதிக்கப்பட்ட பகுதிகளின் பிள்ளைகள் தங்கிக் கற்பதற்கென அகில இலங்கை இந்து மாமன்றம் இரத்மலானையில் விடுதி வசதியும் செய்தது. பல மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரு கூரையின்கீழ் வாழத் தலைப்படும்போது அவர்களை ஒன்றுபடுத்துவது எது? பேச்சு வழக்கு வேறு. பழகிய உணவு வேறு. பட்ட துன்பம் வேறு. பந்து ஒன்று காலடியில் உருண்டு வந்துவிட்டால் இவ்வேற்றுமைகள் மறைவதற்கு அதிக நேரம் செல்லாது.

முற்றம் எங்கே?

யாழ்ப்பாணத்து வீட்டுக்கு முற்றமும் வளவும் உண்டு. மட்டக்களப்புப் பிள்ளைக்கு வாவிக்கரை உண்டு. வெள்ளவத்தையில் அடுக்குமாடியின் ஆறாம் தட்டில் வாழும் பிள்ளைக்கு என்ன உண்டு? கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வாழும் பிள்ளைக்குத்தான் என்ன உண்டு? ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் வருந்த இயங்குதல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தலைநகரத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அதற்குரிய முற்றம் பாடசாலை மைதானமே.

முதலாம் தவணையில் நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நிகழும். அன்று ஓடத் தெரிந்தவனுக்கு மட்டுமே வேலை என்று எண்ணுதல் தவறு. அணிநடையிற் கால் ஒத்து நடப்பவனுக்கும், இல்லத்தை அலங்கரிப்பவனுக்கும், தொண்டை வரள ஆர்ப்பரிப்பவனுக்கும் அதிற் பங்குண்டு. அஞ்சல் ஓட்டத்தை நோக்குங்கள். நால்வர் நூறு நூறு மீற்றராக ஓடுகின்றனர். கோலை 30 மீற்றர் எல்லைக்குள் கைமாற்றிவிட வேண்டும். தனித்தனியே விரைந்தோடும் நால்வர் கோலைத் தவறவிட்டுத் தோற்பதுண்டு. நடுத்தர வேகமுடைய நால்வர் கை தவறாது கொடுத்து வெல்வதும் உண்டு. குடும்பம் நடத்தவும் அலுவலகம் நடத்தவும் வேண்டிய பாடம் இதுவன்றோ?

விளையாடினால் படிப்புக் கெடும் என்பார்க்கு நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் வாழ்க்கை தக்க விடையாகும். யாழ் மத்திய கல்லூரி மாணவரான அவர், 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போணிலும் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்தலிற் பங்குபற்றினார். 1958இல் டோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அப்போட்டியின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். அதனோடு நின்றாரல்லர், அமெரிக்காவிற் பயின்று கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

மேடை தரும் துணிவு

மைதானம் உடலுக்குச் செய்வதை மேடை உள்ளத்துக்குச் செய்கின்றது. நவராத்திரிக் காலத்து வாணி விழாவும், கல்வி அமைச்சின் தமிழ் மொழித் தினப் போட்டிகளும் நம் மாணவருக்குக் கிடைத்துள்ள நல்வாய்ப்புகள். வகுப்பில் வினாவொன்றுக்கு விடையளிக்கவும் கூசும் பிள்ளை, முடி சூடி அரசனாய் மேடையேறியதும் குரல் உயர்த்திப் பேசுவதை ஆசிரியராகிய நாம் எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம். அத்துணிவு, வேடம் கலைத்தபின்னும் சிறிது ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதனை நன்குணர்ந்தவர். கிராமத்துக் களரியில் ஆடப்பட்ட நாட்டுக்கூத்தை 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு புதுப்பொலிவுடன் மேடையேற்றியதோடு, பாடசாலைகளிலும் அக்கலை பரவ ஊக்கமளித்தார். இன்று நாடகமும் அரங்கியலும் உயர் தரம் வரை ஒரு பாடமாகவே உள்ளது. சங்கீதம், நடனம், சித்திரம் ஆகியனவும் அவ்வாறே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இத்துணை வாய்ப்பிருந்தும் மாணவரை மைதானத்திற் காண்பது அரிதாகி வருகின்றது. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை கலைந்ததும், உண்டும் உண்ணாமலும் தனியார் வகுப்புக்கு ஓடுகின்றனர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிலிற் தொடங்கும் இவ்வோட்டம் உயர் தரம் முடியும்வரை ஓய்வதில்லை. பெற்றோரைக் குறை கூறுதல் எளிது. ஆயின் உயர் தரத்திற் சித்தியடைவோர் எல்லோருக்கும் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. இசட் புள்ளியின் சிறு பின்னமும் ஒரு பிள்ளையின் வழியை மாற்றிவிடும். அவர்களது அச்சம் நியாயமானதே.

ஆகவே, வகுப்பை விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதையேனும் மைதானத்துக்கோ ஒத்திகைக்கோ ஒதுக்கிவையுங்கள் என்றே வேண்டுகின்றோம். தேர்ச்சி அறிக்கை வாங்கும் நாளில் வரும் தந்தையர், விளையாட்டுப் போட்டியன்றும் வந்து கொட்டகையில் அமர்தல் வேண்டும். பாடசாலைகளும், வெல்லும் பத்துப் பேரை மட்டும் பயிற்றாது, தோற்கும் நூறு பேருக்கும் ஓட இடமளித்தல் வேண்டும்.

மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், "இன்று எத்தனை புள்ளி?" என்று நாம் தவறாது கேட்கின்றோம். அதனோடு, "இன்று யாரோடு விளையாடினாய்?" என்றும் கேட்போமாக. அதற்கு விடையளிக்க இயலாது பிள்ளை விழிக்குமாயின், நாம் கவலைகொள்ள வேண்டிய நேரம் அதுவே.