ஓட்டையை அடைத்தாயிற்று, வால்வு?

“சின்ன வயசுல ஹார்ட்ல ஓட்டை இருந்துச்சு. ஆபரேஷன் பண்ணி அடைச்சாச்சு. இப்ப ஒண்ணும் இல்ல.” கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இதைச் சொல்ல நேர்ந்தால் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். பெண் வீடாக இருந்தால் பெரும்பாலும் சொல்லவே மாட்டார்கள். சொல்லப்படும் மூன்றில் முதல் இரண்டும் உண்மை. இடறுவது மூன்றாவது. வெறும் ஓட்டையாக இருந்து, உரிய வயதில் அடைக்கப்பட்டிருந்தால் அதுவும் ஏறக்குறைய உண்மைதான். உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தையாக இருந்திருந்தால் கணக்கு வேறு. அங்கே ஓட்டையோடு ஒரு வால்வும் சேர்ந்து கெட்டிருக்கும். ஓட்டையை அடைத்த அதே மேசையில் அந்த வால்வைக் காவு கொடுத்திருக்கவும் கூடும்.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு, ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. அவற்றில் நீலம் பாரிக்கவைக்கும் வகையில் அதிகம் காணப்படுவது ‘டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ’. டாக்டர்கள் சுருக்கமாக டி.ஓ.எஃப். என்பார்கள். பிரான்ஸின் மார்செய் நகர மருத்துவர் ஃபேலோ 1888இல் இதை நான்கு குறைகளின் கூட்டு என்று விவரித்தார். கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, அந்த ஓட்டைக்கு நேர் மேலே நகர்ந்து நிற்கும் பெருந்தமனி, தடித்துப்போன வலது கீழறை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் அடைப்பு. நான்கிலும் நோயின் தீவிரத்தை முடிவு செய்வது கடைசியில் சொன்னதுதான்.

அந்தப் பாதையின் வாசலில் இருப்பது பல்மனரி வால்வு. மெல்லிய மூன்று இதழ்கள். ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பி, உடனே மூடி அது திரும்பிவராமல் தடுக்கும். டி.ஓ.எஃப். குழந்தைகள் பலருக்கு இதழ்கள் இரண்டுதான் இருக்கும். அவையும் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, சரியாகத் திறக்காமல் கிடக்கும். வால்வைச் சுற்றிய வளையமும் சிறுத்திருக்கும். நுரையீரலுக்குப் போக வழியில்லாத அசுத்த ரத்தம் ஓட்டை வழியே பெருந்தமனிக்குள் நுழைந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. நீலம் அப்படித்தான் வருகிறது. இந்தக் குழந்தைகள் நாலடி ஓடியதும் குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. குந்தினால் கால்களின் ரத்தக்குழாய்கள் மடங்கி உடம்புப் பக்கம் எதிர்ப்பு கூடுகிறது. அதனால் கொஞ்சம் கூடுதல் ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது. உடம்பே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம்!

மனிதர்கள் கண்டுபிடித்த வைத்தியம் 1944 நவம்பரில் வந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரெட் பிளேலாக் ஒரு கைக்குழந்தைக்குக் கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு இணைத்தார். யோசனை, குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக்குடையது. நாய்களிடம் செய்து பார்த்து முறையை உருவாக்கியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத் தொழில்நுட்ப உதவியாளர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, பொருளாதார மந்தத்தில் சேமிப்பை இழந்தவர். அன்று பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, அடுத்த தையலை எங்கே போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நெடுங்காலம் ‘பிளேலாக்-டாசிக்’ என்று மட்டுமே அழைக்கப்பட்ட அந்த ஆபரேஷனின் பெயரில் தாமஸையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் மிகப் பிந்தித்தான் வந்தது. ஆனால் இது மாற்றுப்பாதை மட்டுமே. வால்வு, ஓட்டை இரண்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன.

இதயத்தைத் திறந்து முழுதாகச் சீர் செய்தது 1954இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லெஹை. இதய-நுரையீரல் இயந்திரம் இன்னும் நம்பத்தக்கதாக ஆகாத காலம். பெற்றோரையோ ரத்தப் பிரிவு பொருந்தும் வேறு ஒருவரையோ பக்கத்து மேசையில் படுக்கவைத்து, அவருடைய ரத்த ஓட்டத்தோடு நோயாளியின் ரத்த ஓட்டத்தை இணைத்துத்தான் செய்தார்கள். ஒரே ஆபரேஷனில் இரண்டு உயிர் போகக்கூடிய துணிச்சல். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.

இந்த முழுச் சீரமைப்பில்தான் வால்வு மாட்டிக்கொள்கிறது. வளையம் மிகவும் சிறியதாக இருந்தால் அறுவை நிபுணருக்கு வேறு வழி கிடையாது. வளையத்தையே குறுக்கே வெட்டித் திறந்து, ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்து அகலப்படுத்த வேண்டும். பத்தாத ரவிக்கைக்குப் பக்கவாட்டில் துணி கொடுத்துத் தைப்பது போலத்தான். பாதை அகலமாகிவிடும், நீலம் மறைந்துவிடும், குழந்தை ஓடி விளையாடும். ஆனால் மூட வேண்டிய இதழ்கள் இனி மூடா. அனுப்பிய ரத்தத்தில் கணிசமான பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் வலது கீழறைக்கே திரும்பி விழும்.

இது தெரியாமல் நடந்ததல்ல. தெரிந்தேதான் செய்தார்கள். நுரையீரல் பக்கம் அழுத்தம் குறைவு, இந்த லீக்கை இதயம் தாங்கிக்கொள்ளும் என்பது அன்றைய நம்பிக்கை. பத்து, இருபது வருடம் தாங்கவும் தாங்கியது. அதனாலேயே நம்பிக்கை உறுதிப்பட்டது. பிழைக்க மாட்டாது என்று கைவிடப்பட்ட குழந்தை பள்ளிக்கூடம் போகிறது என்றால், வால்வு லீக்கைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அந்த நிபுணர்களை இன்று குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. உயிரா, வால்வா என்றால் உயிரைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

விலை பின்னால் தெரிந்தது. திரும்பிவரும் ரத்தத்தைச் சுமந்து சுமந்து வலது கீழறை வீங்குகிறது. சுவர் விரிய விரிய, அதில் ஓடும் மின்னோட்டமும் தாமதமாகிறது. இ.சி.ஜி.யில் 120 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டிய கியூ.ஆர்.எஸ். அலையின் அகலம் 180ஐத் தாண்டியவர்களுக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் அதிகம் என்று 1990களின் நடுவில் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. சிலர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திடீரென்று இறந்தார்கள். அதன்பிறகே, முடிந்தவரை வால்வைக் காப்பாற்று, கொஞ்சம் அடைப்பு மிச்சமிருந்தாலும் பரவாயில்லை என்று அறுவை அரங்குகளின் போக்கு மாறியது.

இதில் ஏமாற்றும் விஷயம், நோயாளிக்கு எதுவும் தெரியாது என்பதே. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் “இல்லையே” என்பார். அவருக்கு முழு மூச்சு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை; மாடிப்படியில் மற்றவர்களைவிட மெதுவாக ஏறுவது சுபாவம் என்று எண்ணிக்கொண்டிருப்பார். டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் உண்மை தெரியும்.

புது வால்வு வைத்தால் போயிற்று என்று சொல்லிவிட முடியாது. உலோக வால்வை இந்த இடத்தில் வைத்தால் ரத்தம் உறையும் அபாயம் அதிகம் என்பதால், மாட்டுத் திசுவிலோ பன்றித் திசுவிலோ செய்த வால்வைத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். அது ஏறக்குறைய 10, 15 வருடத்தில் தேய்ந்துவிடும். பதினைந்து வயதில் வைத்தால் வாழ்நாளில் எத்தனை முறை நெஞ்சைத் திறப்பது? தள்ளிப்போட்டாலோ, விரிந்த கீழறை ஒரு கட்டத்துக்கு மேல் புது வால்வு வந்தாலும் பழைய அளவுக்குச் சுருங்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான நாளைத் தேடுவதுதான் இன்றைய நிபுணர்களின் வேலை. அதற்கு எம்.ஆர்.ஐ. உதவுகிறது. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு வலது கீழறையின் கொள்ளளவு 160 மில்லியை எட்டினால், தொந்தரவு இல்லாவிட்டாலும் வால்வைப் பற்றி யோசி என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள்.

நெஞ்சைத் திறக்காமலே வைக்கும் வழி 2000இல் பிறந்தது. பாரிஸில் பிலிப் போன்ஹோஃபர், மாட்டின் கழுத்துச் சிரையில் இயற்கையாகவே இருக்கும் வால்வை ஒரு உலோக வலைக்குழாய்க்குள் தைத்து, தொடைச் சிரை வழியே கொண்டுபோய் 12 வயதுச் சிறுவனின் இதயத்தில் பொருத்தினார். பெருந்தமனி வால்வைக் கத்தியில்லாமல் மாற்றும் ‘டாவி’ சிகிச்சையை முதியவர்கள் விஷயத்தில் நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். அதற்கு இரண்டு ஆண்டு மூத்தது இது. ஒட்டுத்துண்டு வைத்து அகலமாக்கிய பாதையில் முதல் தலைமுறை வால்வுகள் நிற்கவில்லை. அதற்கென்றே பெரிய வால்வுகள் பிறகு வந்தன. குஜராத்தின் வாபியில் தயாராகும், பலூனால் விரித்துப் பொருத்தும் வால்வையும் இந்த இடத்தில் இந்திய நிபுணர்கள் வைக்கிறார்கள். செலவு இன்னும் லட்சங்களில்தான்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பணமில்லாத வீட்டுக் குழந்தைகளுக்கும் இதய ஆபரேஷனை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தன. அப்போது இரண்டு, மூன்று வயதில் படுத்தவர்கள் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். குழந்தை மருத்துவரிடம் போகும் வயது முடிந்துவிட்டது. பெரியவர்களுக்கான இதய மருத்துவரோ மாரடைப்பிலேயே மூழ்கியிருப்பவர். இந்த இடைவெளியை லண்டனில் ஜேன் சோமர்வில் 1970களிலேயே கண்டுகொண்டு, பிறவிக் கோளாறோடு வளர்ந்தவர்களுக்கென்றே தனி மருத்துவப் பிரிவு வேண்டும் என்று வாதாடினார். நம்மிடம் அப்படிப்பட்ட கிளினிக்குகள் பெருநகரங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். ஆபரேஷனுக்குப் பணம் கட்டும் திட்டம், பதினைந்து வருடம் கழித்து வரச்சொல்லி ஒரு கடிதமாவது போடும் ஏற்பாட்டையும் செய்திருக்கலாம்.

கடிதம் வராதவர்கள் தாங்களாகவே போக வேண்டியதுதான். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தால் நல்லது. வளையத்தைக் குறுக்கே வெட்டி ஒட்டுத்துண்டு வைத்தார்களா என்பது ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். ஃபைல் கரையான் அரித்துப் போயிருந்தாலும், எக்கோ எடுத்தால் லீக் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே இதைச் செய்துகொள்வது நல்லது. ரத்தத்தின் அளவு கூடும் அந்த மாதங்களில் பலவீனமான வலது கீழறை திணறும். செயற்கை வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்கப் போகும்போது டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். ஈறு வழியே ரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் போய் உட்காராமலிருக்க, முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள்.