ஜிஎஸ்டி விவர அறிவிப்பு விதிகளும் சிறு நிறுவனங்களும்

சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்துள்ள ஒரு நிறுவனம் யாருக்கு, எதை, என்ன விலைக்கு, எவ்வளவு வரி சேர்த்து விற்றது என்பதை அரசுக்குக் குறித்த காலத்தில் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகளே விவர அறிவிப்பு விதிகள். இந்தியாவில் இவ்வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வரி விகிதம் மாறினால் நாளிதழ்களில் தலைப்புச் செய்தியாகிறது. விவரம் தெரிவிக்கும் முறை மாறினால் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆனால் சிறு நிறுவனங்களின் கைப்பணத்தைத் தொடுவதில் இரண்டாவது மாற்றம் முதலாவதற்குக் குறைந்ததன்று.

விற்பவர் தெரிவித்தால்தான் வரவு

திருப்பூரில் ஒரு சிறு பின்னலாடை நிறுவனம் ரூ.10 லட்சத்துக்குப் பருத்தி நூல் வாங்குகிறது எனக் கொள்வோம். 5 விழுக்காடு வரியாக ரூ.50,000 சேர்த்து நூல் வியாபாரிக்குக் கொடுக்கிறது. பின்னர் ஆடையை விற்கும்போது அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியில் இந்த ரூ.50,000-ஐக் கழித்துக்கொள்ளலாம். இதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர்.

தொடக்கத்தில் ஜிஎஸ்டிஆர்-1, 2, 3 என மூன்று படிவங்கள் திட்டமிடப்பட்டன. விற்பவர் ஒன்றில் எழுதுவதை வாங்குபவர் மற்றொன்றில் சரிபார்ப்பார் என்பது எண்ணம். 2, 3 ஆகிய படிவங்கள் அந்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டன. தற்காலிக ஏற்பாடாக வந்த ஜிஎஸ்டிஆர்-3பி என்ற சுருக்கப் படிவமே நிலைத்துவிட்டது. அதில் வாங்குபவர் தம் கையிலுள்ள பில்களைக் கூட்டி வரவைத் தாமே எழுதிக்கொண்டார்.

2019 அக்டோபரில் இந்த வசதிக்கு முதல் கட்டுப்பாடு வந்தது. விற்பவர்கள் தெரிவித்த பில்களின் வரவுக்கு மேல், அதில் 20 விழுக்காடு மட்டுமே கூடுதலாக எடுக்கலாம் என்றாயிற்று. 2020 ஜனவரியில் அது 10 விழுக்காடாகவும், 2021 ஜனவரியில் 5 விழுக்காடாகவும் குறைந்தது. 2022 ஜனவரி 1 முதல் கூடுதல் என்பதே இல்லை. நூல் வியாபாரி தம் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அந்த பில்லைக் காட்டாவிட்டால், பில் கையில் இருந்தும், பணம் கொடுத்திருந்தும், ரூ.50,000 வரவு கிடைக்காது. அவர் பிறகு காட்டினால் பிறகு எடுக்கலாம். ஆனால் நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நாள், இவற்றில் முந்தியதோடு அந்த வாய்ப்பும் முடிந்துவிடும்.

போலி பில்களைத் தடுக்க இந்த இறுக்கம் தேவைப்பட்டது உண்மைதான். எனினும் ஒழுங்காக வரி கொடுத்தவரே பிறருடைய தாமதத்துக்கு முதலில் விலை கொடுக்கிறார் என்பதும் உண்மை.

மின்-பட்டியல்

கணினியில் தட்டச்சு செய்து பிடிஎஃப் கோப்பாக அனுப்பும் பில்லே மின்-பட்டியல் என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. பில்லின் விவரங்களை அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்பினால், அது 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண்ணையும் கியூஆர் குறியீட்டையும் தரும். அவை கிடைத்த பிறகே அது மின்-பட்டியல். பதிவு பெற்ற ஒரு நிறுவனம் மற்றொன்றுக்கு விற்கும்போதும் ஏற்றுமதியின்போதும் இது தேவை. கடையில் நேரடியாக வாங்கும் நுகர்வோருக்கான பில்லுக்குத் தேவையில்லை. வங்கி, காப்பீடு போன்ற சில துறைகளுக்கு விலக்கு உண்டு.

2020 அக்டோபரில் ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் கட்டாயமான இம்முறை, 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி எனக் கீழே இறங்கியது. மூன்றே ஆண்டுகளில் பெருநிறுவனங்களின் விதி தெருமுனைப் பட்டறை வரை வந்துவிட்டது.

வரம்பைக் கணக்கிடுவதில்தான் பலர் தடுமாறுகின்றனர். நடப்பு ஆண்டின் விற்பனையை மட்டும் பார்த்தால் போதாது. 2017-18 முதல் கடந்த நிதியாண்டுகளில் ஏதேனும் ஒன்றில் ரூ.5 கோடியைத் தாண்டியிருந்தாலே விதி பொருந்தும். 2018-19இல் 6 கோடிக்கு விற்று, இன்று 3 கோடிக்குச் சுருங்கிய நிறுவனமும் மின்-பட்டியல் தர வேண்டும். ஒரே பான் எண்ணில் இயங்கும் எல்லா மாநிலக் கிளைகளின் விற்பனையும், வரிவிலக்குப் பொருள்களும், ஏற்றுமதியும் கூட்டலில் சேரும். கட்டாயம் இருந்தும் சாதாரண பில் கொடுத்தால் சட்டப்படி அது பில்லே ஆகாது. அப்போது வாங்கியவரின் வரவும் சிக்கலுக்குள்ளாகும்.

மாதத்தின் ஆறு நாள்கள்

மாதந்தோறும் படிவம் தருபவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள். விற்றவர்கள் காட்டிய பில்களின் தொகுப்பான ஜிஎஸ்டிஆர்-2பி 14ஆம் தேதி வெளியாகும். 3பி தாக்கலும் வரி செலுத்தலும் 20ஆம் தேதிக்குள். ஆக, தம் கொள்முதல் பில்களை 2பியுடன் ஒப்பிட ஆறு நாள்களே உள்ளன. ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் ஆடிட்டரிடம் கட்டாகக் கொடுக்கும் பழைய வழக்கம் இங்குச் செல்லாது. விடுபட்ட பில்லைப் பற்றி அந்த மாதமே விற்றவரிடம் கேட்டால்தான் பயன். பில் 2பியில் தெரியும் வரை வரித்தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டைச் சில நிறுவனங்கள் கைக்கொள்கின்றன. இதற்கு விற்பவரோடு முன்பே பேசி ஒப்புக்கொள்வது நல்லது.

தவறாகப் பதிந்த மின்-பட்டியலைத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்யலாம். 2025 ஏப்ரல் முதல் 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் பதிய வேண்டும். 2025 ஜூலை மாதக் கணக்கு முதல், 3பியில் தானாக நிரம்பும் விற்பனை வரித் தொகையைக் கையால் மாற்ற இயலாது. ஜிஎஸ்டிஆர்-1இல் பிழை நேர்ந்திருந்தால், 3பி தாக்கலுக்கு முன்பே ஜிஎஸ்டிஆர்-1ஏ படிவத்தில் திருத்த வேண்டும். உரிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் கடந்த படிவங்களைத் தளம் இப்போது ஏற்பதும் இல்லை.