விற்பனைக்கு வந்த 'துரை காடி': வாங்கலாமா, வேண்டாமா?

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் லேண்ட் ரோவர் என்று சொல்லிப் பாருங்கள். "துரை காடியா?" என்று கேட்பார்கள். பால்மரக் காட்டுச் செம்மண் பாதையில் அதன் சத்தம் கேட்டாலே, மரம் சீவுகிறவர்கள் தங்கள் வெட்டு சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்வார்களாம். பழைய காடிகளைப் பற்றி வானொலியில் பேசும் நாட்களில் நேயர்கள் அதிகம் சொல்வது இந்தக் கதையைத்தான். உட்கார்ந்து போனவர் துரை. ஓட்டியவரும் கழுவியவரும் சேற்றில் இறங்கித் தள்ளியவரும் பல தோட்டங்களில் நம் ஆட்கள்.

அப்படி ஒரு காடி புக்கிட் தெங்காவில், தொழிற்சாலைகளுக்கு நடுவே உள்ள ஒரு பட்டறையில் விலைக்கு வந்தது. 88 அங்குல சீரிஸ் 3, பெட்ரோல் இயந்திரம், பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. என் மாமா மகன் அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அவனுடைய தாத்தா தோட்டத்தில் துரைக்கு டிரைவர். கையில் இருந்ததோ வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்த காசு. "அண்ணே, நீங்க சொன்னாத்தான் கேட்பாரு. கூடப் போய்ப் பாருங்க" என்றார் அவன் மனைவி. போனேன்.

கடற்கரை மணலில் பிறந்தது

1947இல் வேல்ஸில் உள்ள ஆங்கிள்சி தீவில், ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ் மணலில் வரைந்து காட்டிய படம்தான் இதன் தொடக்கம் என்பார்கள். அவருடைய பண்ணையில் ஓடிய அமெரிக்க ஜீப்பே அதற்கு முன்மாதிரி. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். தொடக்கக்காலப் பச்சை நிறம்கூட போர் விமானங்களுக்கு வாங்கி மிஞ்சிய சாயம்தான்.

அதே 1948இல்தான் மலாயாவில் அவசரகாலமும் தொடங்கியது. ராணுவம், போலீஸ், தோட்டம் என்று எங்கும் இந்த வண்டிக்கு வேலை இருந்தது. கேமரன் மலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

நம் நாட்டுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, மலாயா வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். அதில் 'ஆக்ஸ்ஃபோர்டு' என்ற வண்டி பல ஆண்டுகள் கழித்து அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் கிடைத்தது. அதைப் புதுப்பித்து 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திருப்பி ஓட்டினார்கள். முதல் பயணத்தில் இருந்த டிம் ஸ்லெஸ்ஸர் கடைசி நேரத்தில் உடல்நலம் குன்ற, அவருடைய பேரன் அவர் இடத்தில் அமர்ந்தார். தாத்தாவின் காடி என்றால் மனம் இளகுவது மச்சானுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

பளபளப்புக்கு அடியில்

பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். மறைக்காமல் பேசினார். "மேல பார்க்காதீங்க தம்பி, கீழ படுத்துப் பாருங்க" என்று அட்டை ஒன்றை விரித்துக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் காரணம் இருக்கிறது. லேண்ட் ரோவரின் உடம்பு துருப்பிடிக்காத அலுமினியம். ஆனால் அதைத் தாங்கும் சட்டம் எஃகு. பெட்டி போல மூடிய அந்தச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே தார் பூசி, கறுப்புச் சாயமும் அடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் எங்களுக்கு மந்தமாகத்தான் கேட்டது. பழைய இரும்பின் மேல் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்ததை அவரே ஒத்துக்கொண்டார்.

அடுத்தது காந்தச் சோதனை. மட்கார்டில் காந்தம் ஒட்டாது, அது அலுமினியம். ஆனால் டிரைவரின் கால் பக்கம் இருக்கும் முன்தடுப்பு எஃகு. அங்கே ஒட்டாவிட்டால் உள்ளே இருப்பது புட்டி. இரும்பும் அலுமினியமும் சேரும் இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரத்தில் இரண்டும் உரசினால் அலுமினியம்தான் கரையும்.

ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். சிவப்புக் கம்பியைப் பின்னால் இழுத்தால் குறைந்த வேகக் கியர் விழ வேண்டும். பவர் ஸ்டீரிங் இல்லை, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மற்ற காடிகளோடு போட்டி போட முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 6 கிலோமீட்டர் ஓடினாலே பெரிது.

குழந்தை எங்கே உட்காரும்?

மச்சான் மயங்கி நின்ற நேரத்தில் அவன் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாப்பா சீட்டை எங்க மாட்டுறது?"

பின்னால் இருந்தது பக்கவாட்டில் எதிரெதிரே போட்ட பெஞ்ச். 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் சொந்தக் காடியில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். அந்தப் பெஞ்சில் அதைப் பொருத்தவே முடியாது. ஆக, இது குடும்பக் காடி இல்லை, இரண்டாவது காடி. இரண்டு காடிக்கும் காப்புறுதி, சாலை வரி, நிறுத்த இடம் எல்லாம் வேண்டும்.

பிறகு கெரான். சட்ட எண் முன்பக்க வலது ஸ்பிரிங் தாங்கியில் பொறித்திருக்கும். எங்கள் காடியில் அது சாயத்துக்கு அடியில் மறைந்திருந்தது. பட்டறைக்காரர் சுரண்டிக் காட்டினார், கெரானோடு ஒத்துப்போனது. இயந்திரமோ நிறமோ மாறியிருந்தால் ஜேபிஜேயில் பதிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் துத்தநாகம் பூசிய புதுச் சட்டம் கிடைக்கிறதே என்று மாற்றிவிட்டு, எண்ணுக்காக அலைவது பெரிய தலைவலி. எண் ஒத்துப்போகாத காடிக்கு எவ்வளவு அழகு இருந்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விலை? லேண்ட் ரோவர் நிறுவனமே 2016இல் 25 சீரிஸ் 1 வண்டிகளைப் புதுப்பித்து விற்பதாக அறிவித்தது. இருபது லட்சமாவது வண்டி 2015 டிசம்பர் ஏலத்தில் 4,00,000 பவுண்டுக்குப் போனது. இந்தச் செய்திகளைக் காட்டித்தான் இங்கும் விலையை ஏற்றுகிறார்கள். அது சேகரிப்பாளர்களின் உலகம். சட்டத்தில் ஒட்டுப்போட்ட சீரிஸ் 3க்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மச்சான் வாங்கவில்லை. "வீட்டுச் சாவி முதல்ல, காடிச் சாவி அப்புறம்" என்று முடிவு வந்தது. சொன்னது அவன்தான், முடிவு யாருடையது என்பது எங்களுக்குத் தெரியும். அவனுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. பட்டறைக்காரர் அவனைத் தேற்றினார். "அவசரப்படாதீங்க தம்பி. இத்தனை வருஷம் ஓடுனது, இன்னும் ஓடும்." குறுக்குச் சட்டத்தை முழுதாக மாற்றிவிட்டே விற்கப் போவதாகவும் சொன்னார்.

நீங்கள் வாங்கும் எண்ணத்தில் இருந்தால் மூன்று சொல்வேன். வீட்டுக் காசைத் தொடாதீர்கள். விலையில் கால் பங்கைப் பழுதுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். தோட்டத்தில் அதை ஓட்டிய பெரியவர் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இன்னும் இருந்தால், பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். கியர் விழும் சத்தத்திலேயே அவர் பாதியைச் சொல்லிவிடுவார்.