நீர்த்தொட்டி அதிர்வுத் தணிப்பி

நீர்த்தொட்டி அதிர்வுத் தணிப்பி என்பது, உயர்ந்த கட்டிடங்களில் காற்றினால் ஏற்படும் அசைவைக் குறைப்பதற்காக அவற்றின் உச்சியில் அமைக்கப்படும் நீர்த்தொட்டி ஆகும். கனடாவின் வான்கூவர் நகரில் 2001 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட, 48 மாடிகளைக் கொண்ட ஒன் வால் சென்டர் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

காற்றும் அசைவும்

காற்று சீராக வீசும்போதும் கட்டிடத்தின் இரு பக்கங்களிலும் மாறி மாறிச் சுழிகள் உருவாகிப் பிரிகின்றன. இவை காற்றின் திசைக்குக் குறுக்காகக் கட்டிடத்தை இடமும் வலமுமாக இழுக்கின்றன. இவ்விழுப்பின் கால இடைவெளி கட்டிடத்தின் இயல்பான அலைவுக் காலத்துடன் பொருந்தினால், ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளுவது போல் அசைவு பெருகும். இதுவே ஒத்ததிர்வு.

பெரும்பாலும் இவ்வசைவால் கட்டிடத்தின் உறுதிக்குக் கேடில்லை. இடர்ப்படுவோர் அதில் வாழ்பவர்களே. அசைவின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் நூறில் ஒரு பங்கை எட்டினாலே மேல் மாடிகளில் உள்ளோர் அதனை உணர்வர். சிலருக்குக் கப்பற் பயணத்தில் போன்று குமட்டலும் உண்டாகும்.

செயற்படும் முறை

நீரின் எடை கட்டிடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது என்று கருதுவது தவறு. விளிம்பு வரை நிரப்பி மூடிய தொட்டி, கட்டிடத்தின் சுமையைக் கூட்டுமேயன்றி அசைவைத் தணிக்காது. நீர் அலைவதற்கு இடம் வேண்டும்.

அகன்ற பாத்திரத்தில் நீர் சுமந்து நடப்போர், குறிப்பிட்ட ஒரு நடைவேகத்தில் மட்டும் நீர் பெரிதும் தளும்பிச் சிந்துவதைக் கண்டிருப்பர். பாத்திரத்து நீருக்கும் தனக்கென ஓர் அலைவுக் காலம் இருப்பதே காரணம். தொட்டியை வடிவமைப்போர் இக்காலத்தைக் கட்டிடத்தின் அலைவுக் காலத்துடன் பொருத்துகின்றனர். அப்போது நீர் கட்டிடத்தின் அசைவுக்குக் கால் அலைவு பிந்தி நகரும். இதனால் கட்டிடம் வலப்புறம் செல்கையில் நீரின் தள்ளுவிசை இடப்புறமாக அமைகிறது. நீர் பெற்ற ஆற்றல், தொட்டியினுள் உள்ள தடுப்புகளில் மோதிக் கொந்தளித்து வெப்பமாக மாறிவிடுகிறது.

‘ப’ வடிவத் தொட்டிகளில் இப்பொருத்தம் எளிது. குழாயின் அகலம் சீராக இருப்பின், அலைவுக் காலம் நீர்த்தம்பத்தின் மொத்த நீளத்தை மட்டுமே பொறுத்தது. 5 நொடிக்கு ஏறத்தாழ 12.4 மீட்டரும், 6 நொடிக்கு ஏறத்தாழ 18 மீட்டரும் தேவை.

பயன்பாடு

கப்பல்களின் உருளலைக் குறைக்க இத்தகைய தொட்டிகளை ஜெர்மானியப் பொறியியலாளர் எர்மன் பிராம் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருவாக்கினார். கட்டிடங்களில் இம்முறை 1980களின் இறுதியில் ஜப்பானில் பயன்பாட்டுக்கு வந்தது. நாகசாகி விமான நிலையக் கோபுரம் முற்பட்டவற்றுள் ஒன்று.

ஏறத்தாழ 150 மீட்டர் உயரமும் குறுகலான வடிவமும் கொண்ட ஒன் வால் சென்டரின் உச்சியில் இரண்டு தொட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,27,000 லிட்டர் நீர் கொள்ளும். தீயணைப்புக்கும் இந்நீரே இருப்பாக உதவுவது இம்முறையின் பெரிய ஆதாயம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2008 இல் திறக்கப்பட்ட காம்காஸ்ட் சென்டரின் தொட்டி சுமார் 11 இலட்சம் லிட்டர் கொள்ளளவு உடையது.

குறைபாடுகள்

எஃகை விட நீரின் அடர்த்தி மிகக் குறைவாதலால் கூடுதல் இடம் தேவைப்படுகிறது. தாய்பெய் 101 கட்டிடத்தில் 660 தொன் எடையுள்ள எஃகுக் கோளம் தொங்கவிடப்பட்டிருப்பதை இதனுடன் ஒப்பிடலாம். ‘ப’ வடிவத் தொட்டி ஒரு திசை அசைவை மட்டுமே தணிக்கும். நீர்மட்டம் மாறினால் அலைவுக் காலமும் மாறிவிடுமாதலால், தொட்டியின் நீரளவைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.